புத்தருக்கு வேப்பஞ்சேலை

கடவுள் இல்லை என்று சொல்கிறவன் புத்தர் சிலைக்கு முன்னால் உட்காரலாமா என்று இனிமேல் என்னை யாரும் கேட்க வேண்டாம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. டீக்கடையில் கேட்கிறார்கள், ஷிப்ட் மாறும்போது கேட்கிறார்கள், முடிவெட்டப் போனால் கத்தரியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இதே ஆட்கள் செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில், வெள்ளிக்கிழமை தர்கா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் என்று மூன்று இடத்திலும் விளக்கு ஏற்றுகிறவர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்து மூச்சைப் பார்க்கிற என்னைத்தான் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பெரியபாளையத்துக்குப் பக்கத்தில். சாமியெல்லாம் பொய் என்று மீசை முளைக்கும்போதே முடிவு செய்தவன். அதற்குப் பிறகு அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மாற்றக் கூடாது என்பதற்கான காரணம் வருஷா வருஷம் கிடைத்தது. ஆயுத பூஜை அன்று எங்கள் ஆலையில் மோட்டாருக்கெல்லாம் சந்தனம் பூசுவார்கள். கரண்ட் பேனலைத் திறந்து உள்ளே விபூதி போடுவார்கள். மறுநாள் அதையெல்லாம் சுரண்டி எடுக்கிறவன் நான். ஒரு வருஷம் கேட் வாசலில் உடைத்த பூசணிக்காயில் கால் வழுக்கி ஒருவர் கையை உடைத்துக்கொண்டார். விபத்து நடக்கக் கூடாது என்று உடைத்த பூசணிக்காய் அது. இதைச் சொன்னால், "அது இல்லாங்காட்டி தலையே போயிருக்கும்பா" என்கிறார்கள். இவர்களிடம் என்ன பேசுவது?

வீட்டில் நானும் என் அக்காவும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள். அவளுக்கு எல்லாமே பெரியபாளையத்து அம்மன்தான். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. சமையலறை அவளுடையது, அங்கே எத்தனை சாமி படம் வேண்டுமானாலும் மாட்டலாம். ஹால் என்னுடையது, அங்கே காலண்டரில்கூடச் சாமி இருக்கக் கூடாது. பல வருஷம் இந்த எல்லையை இருவரும் மீறவில்லை.

அந்த ஹாலுக்குள் புத்தரைக் கொண்டுவந்தது நான்தான். காரணம் என் கோபம். ஆலையில் கிரேன் ஓட்டுகிறவரைப் பார்த்து நான் கத்தினால் அடுத்த ஆலையில் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை கொதிப்பைக் குறைத்ததே தவிர கோபத்தைக் குறைக்கவில்லை. பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புத்த பிக்கு வந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். போனவுடன் சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். உங்கள் மதத்தில் உலகத்தைப் படைத்தவர் யார்? யாரும் இல்லை என்றார். தேங்காய் உடைக்க வேண்டுமா? வேண்டாம் என்றார். மறுபிறவியை நான் நம்பவில்லை, எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன் என்றேன். "சரி, உட்காருங்கள்" என்றார். வேறு மாநிலத்துக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர், எதைக் கேட்டாலும் இப்படித்தான் அளந்து பேசுவார். சண்டை போட வழி இல்லாததால் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் எளிமையானது. ஒரு மோட்டார் சூடாகிறது என்றால் அதை யார் செய்தார், ஏன் செய்தார் என்று நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பேன். புத்தர் சொன்னதும் எனக்கு அப்படித்தான் பட்டது. உள்ளே எரிகிறது, எங்கே எரிகிறது என்று பார், எதனால் என்று பார், அதை விடு. இதில் மேலே இருந்து ஒருவர் வந்து செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. பௌத்தப் புத்தகங்களில் தேவர்கள் வருகிறார்களே என்றால், வருகிறார்கள், அவர்களும் வயதாகிச் செத்துப்போகிறார்கள். அவர்களிடம் போய் எதையும் கேட்கச் சொல்லவில்லை.

இதைத்தான் ஆலையில் என்னோடு வேலை பார்க்கிற நண்பரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் நாலைந்து நாத்திகர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறோம், அதற்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்தால் நாய் செருப்பைப் பிடித்த மாதிரி விடமாட்டார்.

"நீ நாஸ்திகனா, பௌத்தனா? ரெண்டுல ஒண்ணு சொல்லுபா."

"ரெண்டும்தான்."

"அது எப்டி? பொம்மைக்கு முன்னால தலய குனியறியா இல்லியா?"

"குனியறேன்."

"அப்ப கும்பிட்றதான."

"நான் எதுவும் கேக்கலயே. கேட்டாத்தான கும்பிடு."

"தல குனிஞ்சா கும்பிடுதான். நாளைக்கி தேங்கா உடைப்பே. அதுக்கப்புறம் மொட்ட அடிப்பே."

இப்படி வருஷக்கணக்கில். வேலைக்குப் போகும் ரயிலில் விட்ட இடத்திலிருந்து திரும்பும் ரயிலில் தொடர்வார். நான் அந்த மாடியில் உட்கார்ந்து கற்ற பொறுமை முழுவதையும் இவரிடமே செலவு செய்தேன்.

பிக்கு எனக்கு ஒரு சாண் உயரத்தில் மண் புத்தர் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை ஹால் அலமாரியில் வைத்தேன். இது சாமி இல்லை, வாத்தியார் படம் மாதிரி என்று அக்காவுக்குத் தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினாள். மறுநாள் காலையில் புத்தரின் நெற்றியில் குங்குமம். துடைத்தேன். அதற்கு மறுநாள் குங்குமமும் ஒரு செம்பருத்தியும். துடைத்துவிட்டுக் கத்தினேன். "வெறும் நெத்தியா கீறாரேடா, பாக்க ஒரு மாதிரியா கீது" என்றாள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது ஒரு சின்னக் கிண்ணத்தில் அவருக்கும் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் வந்தது. நான் வைப்பதும் அவள் மாற்றுவதுமாக, அந்த அலமாரி எங்கள் வீட்டுப் போர்க்களம் ஆகிவிட்டது.

போன வைகாசியில் ஆலையில் ஒரு கியர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. இடது கை மரத்துப்போனது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். இதற்கு மயக்க மருந்து கொடுப்பதில்லை, மணிக்கட்டில் ஒரு ஊசி குத்தி அது வழியாகவே செய்கிறார்கள். அதனால் நான் முழு விழிப்போடுதான் படுத்திருந்தேன். குளிர். மேலே ஒரு இயந்திரம் நகர்ந்துகொண்டே இருந்தது. டாக்டர்கள் ஏதோ எண்களைப் பேசிக்கொண்டார்கள். வெளியே காரிடாரில் அக்கா மட்டும். நண்பர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா சொன்னாள், "ஆடில வேப்பஞ்சேல கட்றேன்னு வேண்டிக்கினுகீறேன்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியபாளையத்தில் ஆடி ஞாயிறுகளில் பார்க்கலாம், வேண்டிக்கொண்டவர்கள் உடம்பு முழுவதும் வேப்பிலைக் கொத்துகளைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். எனக்காக அவள் வேண்டிக்கொண்டதில் எனக்குக் கோபம் இல்லை, சொல்லப்போனால் கண் கலங்கியது. சரி, ஆட்டோ வைத்து அழைத்துப்போகிறேன், நான் வெளியே நிற்கிறேன், நீ சுற்றிவிட்டு வா என்றேன்.

"அங்க இல்லடா" என்று அலமாரியைக் காட்டினாள். "இவருக்கு."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

"புத்தருக்கு வேப்பஞ்சேலையா?"

"பின்ன? அம்மாகிட்ட எந்த மூஞ்ச வச்சிக்கினு போயி உனுக்காக கேக்கறது? நீ அவள பேசன பேச்சு ஒண்ணா ரெண்டா. அதான் உன் ஆளாண்டயே கேட்டுட்டேன். உன்ன தெரிஞ்சவரு அவருதான?"

டாக்டர் என்னைக் கோபப்படக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கோபப்படாமல் இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. நான் மூச்சை இழுத்து விட்டேன். பிறகு விளக்கினேன். அவர் மனிதர், செத்துப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன, யாருக்கும் வரம் தரமாட்டார், தர முடியும் என்றும் சொன்னதில்லை, நீ வேண்டிக்கொண்டதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. என் கஞ்சி ஆறிப்போகும்வரை பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, "சரி, அலமாரி செவுத்தாண்ட கீதே, சுத்தி வர முடியாது. நடு ஊட்ல ஸ்டூல் போட்டு வச்சிடலாமா?" என்றாள்.

முடியாது என்றேன். ஹால் என்னுடையது.

அவள் என்னோடு சண்டை போடவில்லை, போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேண்டுதல் முடியும்வரை ராத்திரிச் சாப்பாடு இல்லை என்று நிறுத்திவிட்டாள். சர்க்கரை நோய்க்காரி. நான் சொன்னேன், கத்தினேன், கெஞ்சினேன். வேண்டிக்கொண்டு செய்யாமல் விட்டால் அது என் தலையில்தான் விழும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நான் தூங்கும்போது வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அவளுக்குப் பயம் அதிகமானது. ஷிப்ட் நடுவில் போன் வரும். எடுத்தால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்று வைத்துவிடுவாள். ஆடி பிறந்து ஒவ்வொரு ஞாயிறாகப் போகப் போக அவள் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு நாள் சாயங்காலம் சமையலறையில் தலை சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினேன். கண் திறந்ததும், "உனுக்கு நெஞ்சு வலிக்கலியே?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

நண்பரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"இத நீ உட்டேன்னா அவ்ளோதான்பா. நாளைக்கி தெருவே வந்து சுத்தும். உன் ஊடு கோயிலு, நீதான் பூசாரி."

"அவ சாப்டாம கெடக்கறா."

"பேஜாருதான். அதுக்காக? எடுத்து சொல்லு."

"சொல்லலன்னு நெனைக்கிறியா?"

"அதான் அப்பவே சொன்னேன், பொம்மைய ஊட்டுக்குள்ள உடாதன்னு."

பிக்குவிடமும் போனேன். பந்தே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரிடமிருந்து எனக்கு வேண்டியது ஒரு தடை. இது பௌத்தத்தில் கூடாது என்று ஒரே ஒரு வாக்கியம். அதைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டலாம், அவளுக்கு என்னைவிட அவர்மேல் மரியாதை அதிகம். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "அக்காவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"வலிதான், பந்தே. ஏன்?"

"வீட்டுத் தரை வழுக்குமா?"

"மொசைக் தரை."

"அப்படியானால் யாராவது கூட நடக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். புத்தர் கடவுள் இல்லை என்பதை இவராவது சொல்வார் என்று ஏறி வந்த மாடிப்படியை நான் திட்டிக்கொண்டே இறங்கினேன்.

ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் நான் தோற்றேன். தோற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். நண்பர் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். யார் காதிலும் விழாத வேண்டுதலுக்கு ஒரு சுற்று சுற்றினால் அது விழுந்தது போல ஆகிவிடும். ஆனால் அவள் விழுந்துவிட்டால் என் கொள்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சரி என்றேன். நிபந்தனை போட்டேன். கற்பூரம் கூடாது. தேங்காய் கூடாது. குங்குமம் கூடவே கூடாது. கதவு சாத்தியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

"வேப்பெல மட்டும் நீ ஒடச்சி குடுத்துடு. எனக்கு எட்டாது."

இப்படியாக, மன்றத்தின் மூத்த உறுப்பினரான நான், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் தொரட்டியைப் போட்டு வேப்பங்கொத்து இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே, "இன்னா சார், ஊட்ல அம்மையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. பொய் சொல்வதில்லை என்று பிக்குவிடம் ஏற்றுக்கொண்டதால், இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சோபாவைச் சுவரோடு தள்ளினேன். நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் ஒரு சாண் புத்தர். அக்கா குளித்துவிட்டு மஞ்சள் புடவை கட்டி, அதன்மேல் இடுப்பிலும் தோளிலும் கயிற்றில் கோத்த வேப்பங்கொத்துகளைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் இளைத்திருந்ததில் கயிறு நிற்காமல் நழுவியது. நானே முடிச்சை இறுக்கினேன். ஹால் முழுவதும் கசப்பு வாசனை. நான் சோபாவில் உட்கார்ந்து எதிலும் சேராதவன் மாதிரி செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனாள். இரண்டாவதில் முழங்கால் மடங்கியது. ஸ்டூலைப் பிடிக்கப் போனாள், ஸ்டூல் ஆடியது, புத்தரும் ஆடினார். நான் செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். பிறகு விட முடியவில்லை. மிச்சச் சுற்று முழுவதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேப்பிலை என் சட்டையில் உரச, நானும் புத்தரைச் சுற்றி வந்தேன். நண்பர் இதைப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே என்னை மன்றத்திலிருந்து நீக்கியிருப்பார்.

முடிந்ததும் அவளைச் சோபாவில் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கியது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"போதுமா? நான் பொழச்சேனே, அது டாக்டருங்க பண்ணது. ஸ்டென்ட்டு பண்ணது. இவரு இன்னா பண்ணாரு?"

"அது எனக்கு தெரியாதா? டாக்டருதான் பண்ணாரு."

"அப்ப எதுக்கு இவரு? என்ன பொழைக்க வைக்கச் சொல்லித்தான வேண்டிக்கினே?"

"யாரு சொன்னா?" என்று என்னைப் பார்த்தாள். "நான் அத கேக்கல."

"பின்ன இன்னா கேட்டே?"

தோளில் இருந்த வேப்பிலையை ஒவ்வொரு கொத்தாக எடுத்துத் தரையில் போட்டபடி சொன்னாள். "உன்ன உள்ள தள்ளிக்கினு போனாங்க. கதவ சாத்திட்டாங்க. எனக்கெல்லாம் பயம் வந்தா அம்மா தாயேன்னு கூப்டுவேன். நீ யார கூப்டுவே? உனுக்குத்தான் யாருமே இல்லியே. அத நெனச்சிதான் தாங்கல. உள்ள போயி எந்தம்பி பக்கத்துல ஒக்காருங்க, அவன் தனியா கீறான்னு இவராண்ட சொன்னேன். அவ்ளோதான்."

நாத்திகத்துக்கு எதிராக நான் எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறேன். அத்தனைக்கும் பதில் வைத்திருக்கிறேன். ஒருத்தி காரிடாரில் நின்றுகொண்டு, என் கொள்கையை அப்படியே உண்மை என்று ஒப்புக்கொண்டு, அதனால் நான் தனியாக இருப்பேனே என்று அழுதிருக்கிறாள்.

"வந்தாரா?" என்று கேட்டாள்.

மாதக்கணக்காக அவள் சாப்பிடாமல் காத்திருந்தது இதைக் கேட்கத்தான் என்பது போல என் முகத்தையே பார்த்தாள். வந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். நாத்திகன் பொய் சொல்ல மாட்டேன் என்கிறான், பௌத்தனும் பொய் சொல்ல மாட்டேன் என்கிறான். நான் இரண்டும்தான் என்று ஊரெல்லாம் வாதாடியவன். அந்த நிமிஷம் இரண்டுமே இல்லாமல் இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"யாரும் வரல, அக்கா" என்றேன். "பயமாத்தான் இருந்துச்சி. ரொம்ப பயம். கூப்டறதுக்கு யாரும் இல்லதான். அப்புறம் மூச்ச பாத்துக்கினு இருந்தேன். உள்ள போவுது, வெளிய வருது, அத மட்டும் பாத்தேன். முடியற வரிக்கும் அது கூடவே இருந்துச்சி."

"அது யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் ஸ்டூலைப் பார்த்தேன்.

"அதான் வந்துகீறாரே" என்றாள்.

இல்லை அக்கா, அது அப்படி இல்லை, சொல்லிக்கொடுத்தது வேறு, வருவது வேறு என்று நான் ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. மிச்சமிருந்த கயிற்றை அவிழ்த்து என் மடியில் போட்டாள்.

"பசிக்குதுடா" என்றாள். "ராத்திரிக்கி சேத்து நெறைய வடி."

அரிசியைக் களையச் சமையலறைக்குப் போனேன்.